கல்லீரலுக்குக் கீழே ஒரு குழாய்



பித்தப்பைக் கல்லுக்காக லேப்ராஸ்கோப்பி ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு வருபவரின் வலது விலாவுக்குக் கீழே சில சமயம் ஒரு குழாய் தொங்கும். பென்சிலைவிட மெல்லிய, நிறமில்லாத பிளாஸ்டிக் குழாய். வயிற்றுக்குள் இருக்கும் முனையில் வரிசையாகச் சிறு துளைகள். வெளியே இருக்கும் முனையில் அளவுக்கோடு போட்ட ஒரு பை. நழுவாமலிருக்கத் தோலோடு சேர்த்து ஒரு தையல். காலையில் நர்ஸ் வந்து பையைத் தூக்கிப் பார்த்து, சேர்ந்திருக்கும் நீரின் அளவையும் நிறத்தையும் சார்ட்டில் குறித்துக்கொள்வார். “எவ்வளவு வந்திருக்கு சிஸ்டர்?” என்று கட்டிலருகே நிற்பவர் கேட்பார். நிறைய வந்திருந்தால் பயம். ஒன்றும் வரவில்லை என்றால், எல்லாம் உள்ளேயே தங்கிவிட்டதோ என்று அதற்கும் பயம்.

மருத்துவர் முதல் வார்டு உதவியாளர் வரை எல்லோரும் ‘டிரெய்ன்’ என்று சொல்லும் இந்தக் குழாய்தான் இன்றைய பொருள். சிக்கலில்லாமல் முடிந்த பித்தப்பை ஆபரேஷனுக்குப் பிறகு இதனால் நோயாளிக்கு நன்மை இல்லை என்பது பல ஆண்டுகளுக்கு முன்பே ஆய்வுகளில் தெரிந்துவிட்டது. இருந்தும் பல தியேட்டர்களில் இது கேள்வியே இல்லாமல் வைக்கப்படுகிறது. ஆதாரம் ஒரு பக்கமும் கை வேறு பக்கமும் போவது ஏன் என்பதைக் கொஞ்சம் விசாரிக்க வேண்டியிருக்கிறது.

முதலில் இடத்தைப் பார்த்துவிடலாம். பித்தப்பை கல்லீரலின் அடிப்புறத்தில் ஒட்டியிருக்கிறது. அதைப் பிரித்தெடுத்த இடம் பச்சைப் புண்ணாக நிற்கும். மல்லாந்து படுத்திருப்பவரின் மேல்வயிற்றில் தாழ்வான இடம், கல்லீரலுக்கும் வலது சிறுநீரகத்துக்கும் இடைப்பட்ட பள்ளம். நியூகாசில் நகரத்து அறுவை மருத்துவர் ரதர்ஃபோர்டு மோரிசனின் பெயரால் அது அழைக்கப்படுகிறது. ரத்தமோ பித்தநீரோ கசிந்தால் முதலில் அங்கேதான் போய்த் தேங்கும். ஆகவே குழாயின் துளையுள்ள முனையை அங்கே படுக்க வைப்பார்கள். லேப்ராஸ்கோப்பிக்குப் போடும் நான்கு துளைகளில் வலது கோடியில் இருக்கும் 5 மில்லிமீட்டர் துளை வழியாக மறுமுனையை வெளியே இழுத்துவிடலாம். குழாய்களின் தடிமனை இன்றும் ‘பிரெஞ்ச்’ கணக்கில்தான் சொல்கிறார்கள். பாரிஸில் மருத்துவக் கருவிகள் செய்த சாரியேர் வகுத்த அளவு அது. 3 பிரெஞ்ச் சேர்ந்தால் 1 மில்லிமீட்டர். 14 பிரெஞ்ச் குழாய் 5 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. துளை ஏற்கெனவே இருக்கிறது, குழாய் அதில் கச்சிதமாக நுழைகிறது, தனியாகக் கத்தி வைக்க வேண்டியதில்லை. இந்தப் பழக்கம் இவ்வளவு காலம் நீடிப்பதற்கு இந்த வசதியும் ஒரு காரணம்.

உடம்புக்குள் குழாய் வைத்து நீரை வடிப்பது மிகப் பழைய வித்தை. நெஞ்சில் கட்டிய சீழுக்கு உலோகக் குழாய் வைப்பது ஹிப்பாக்ரட்டீஸ் மரபு நூல்களிலேயே இருக்கிறது. ரப்பர் குழாயைப் பரவலாக்கியவர் பாரிஸின் அறுவை மருத்துவர் ஷசைன்யாக். சீழ் வடிப்பதைப் பற்றி 1859-ல் அவர் இரண்டு பெரிய தொகுதிகளே எழுதினார். 1871-ல் பால்மோரல் மாளிகையில் விக்டோரியா ராணிக்கு அக்குளில் கட்டி. கீறிவிட்ட அறுவை மருத்துவர் லிஸ்டர், மறுநாளும் வடியாததைப் பார்த்து, கார்பாலிக் அமிலம் தெளிக்கும் கருவியிலிருந்தே ஒரு துண்டு ரப்பர் குழாயை வெட்டி ஊறவைத்துப் புண்ணுக்குள் செருகினார். ராணி பிழைத்தார். குழாயின் மதிப்பும் உயர்ந்தது.

ஆனால் கட்டியும் வயிறும் ஒன்றல்ல. கட்டிக்கு நான்கு பக்கமும் சுவர் உண்டு. குழாய் வைத்தால் வடியும். வயிற்றின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் பெரிட்டோனியச் சவ்வு, விரித்துப் பார்த்தால் ஏறக்குறைய உடம்பின் தோல் பரப்பளவுக்கு இருக்கும். சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு வயிற்றில் நீர் விட்டு ரத்தத்தைச் சுத்திகரிக்க முடிவது இந்தச் சவ்வினால்தான். அந்நியப் பொருள் ஒன்று அருகே வந்தால் குடல்போர்வைக் கொழுப்பும் ஃபைப்ரின் என்ற புரத இழையும் சேர்ந்து அதைச் சூழ்ந்து தனிமைப்படுத்திவிடும். 1905-ல் அமெரிக்காவின் ஜான் யேட்ஸ் நாய்களை வைத்துச் சோதித்து, வயிற்றறை முழுவதையும் குழாயால் வடிப்பது இயற்பியல்படியும் உடலியல்படியும் நடக்காத காரியம் என்று எழுதினார். குழாயைச் சுற்றிச் சில மணி நேரத்திலேயே சவ்வு ஒட்டிக்கொண்டு, குழாய் தன்னைச் சுற்றியுள்ள சிறு இடத்தை மட்டுமே வடிக்கத் தொடங்கிவிடுகிறது. நூறாண்டு தாண்டியும் யாரும் இதைப் பொய்யாக்கவில்லை.

பிறகு ஏன் விடவில்லை?

அதற்குப் பித்தப்பை அறுவையின் கதைக்குள் போக வேண்டும். 1882 ஜூலை 15 அன்று பெர்லின் லாசரஸ் மருத்துவமனையில் கார்ல் லாங்கன்புக், 43 வயதுக்காரர் ஒருவரின் பித்தப்பையை முதன்முதலாக முழுதாக எடுத்தார். கல்லை மட்டும் எடுத்தால் போதாது, கல்லை உண்டாக்கும் பையையே எடுக்க வேண்டும் என்பது அவர் வாதம். அதன் பிறகு நூறு வருடம் வலது விலாவை ஒட்டி ஒரு சாண் நீளத்துக்கு வயிற்றைக் கிழித்துத்தான் இந்த ஆபரேஷன் நடந்தது. பித்தப்பை நாளத்தின் அடியை நூலால் கட்டுவார்கள்; கட்டு நழுவலாம். நழுவினால் பித்தநீர் வயிற்றுக்குள் கொட்டும். கல்லீரல் நாளொன்றுக்கு 600 முதல் 1,000 மில்லி வரை பித்தநீர் சுரக்கும் உறுப்பு. உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க அன்று ஸ்கேன் கிடையாது. தொட்டுப் பார்த்தும், நாடி பார்த்தும், ஜுரம் பார்த்தும் ஊகிக்க வேண்டும். ஊகம் தப்பினால் மறுபடி வயிற்றைத் திறக்க வேண்டும். அந்த நிலைமையில் ஒரு ரப்பர் துண்டை உள்ளே விட்டு வைப்பது நியாயமான முன்னெச்சரிக்கைதான். சந்தேகம் என்றால் குழாய் வை என்ற வாசகம் பர்மிங்காமின் லாசன் டெய்ட் பெயரில் வழங்குகிறது. நம்மூர்ப் பெரிய மருத்துவமனைகளில் அக்காலத்தில் பயிற்சி பெற்றவர்களுக்கு, வரிவரியாக நெளிந்த சிவப்பு ரப்பர் பட்டையும், அது வயிற்றுக்குள் நழுவிவிடாமல் வெளிமுனையில் குத்திவைத்த ஊக்கும் நினைவிருக்கும். நீர் வடிந்து கட்டுத்துணி நனையும். நனைந்தால் மாற்றுவார்கள்.

1985 செப்டம்பர் 12 அன்று ஜெர்மனியின் பேப்ளிங்கன் என்ற நகரில் எரிக் மூஹே, வயிற்றைக் கிழிக்காமல் தானே வடிவமைத்த கருவியின் வழியாகப் பித்தப்பையை எடுத்தார். அடுத்த ஆண்டு ஜெர்மன் அறுவை மருத்துவர் மாநாட்டில் அதைச் சொன்னபோது சபை அவரை மதிக்கவில்லை. பிற்பாடு அதே சங்கம் அவருக்கு விருது கொடுத்தது வேறு கதை. 1987-ல் லியோனில் பிலிப் மூரே, தொடர்ந்து பாரிஸிலும் போர்தோவிலும் வேறு சிலர் என்று முறை பரவியது. இந்தியாவில் 1990-ல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் டெஹெம்டன் உத்வாடியா தொடங்கிவைத்தார். நூலுக்குப் பதில் டைட்டானியம் கிளிப். வெறும் கண்ணுக்குப் பதில் கேமராவின் பெரிதுபடுத்திய காட்சி. ரத்தம் கசியும் ஒவ்வொரு புள்ளியையும் திரையில் பார்த்து, கருக்கி நிறுத்த முடிகிறது. இத்தனை மாறியும், திறந்த அறுவையில் பழகிய கைகள் கடைசியில் குழாயைக் கேட்டன. காயம் சுருங்கியது, குழாய் மட்டும் பழைய வீட்டிலிருந்து புது வீட்டுக்குத் தூக்கி வந்த அம்மிக்கல் மாதிரி மூலையில் உட்கார்ந்துகொண்டது.

குழாய் வைப்பவர்கள் சொல்லும் காரணங்கள் மூன்று. ஆபரேஷனுக்காக வயிற்றில் நிரப்பிய கார்பன் டை ஆக்சைடு வாயுவின் மிச்சம் வெளியேறும். அதனால் தோள்வலி குறையும். உள்ளே நீர் கட்டாது. ரத்தமோ பித்தநீரோ கசிந்தால் உடனே தெரிந்துவிடும்.

முதல் காரணத்தைச் சீக்கிரம் கடந்துவிடலாம். மிச்ச வாயு உதரவிதானத்தை உறுத்தும்போது வலி தோளில் தெரிவது உண்மை. இரண்டுக்கும் நரம்புகள் கழுத்துத் தண்டுவடத்தின் ஒரே பகுதியிலிருந்து வருகின்றன. ஆனால் துளைகளை மூடும் முன் வயிற்றை மெல்ல அழுத்தி வாயுவை வெளியேற்றினாலே பெரும்பகுதி போய்விடும். மீதி ரத்தத்தில் கரைந்து மூச்சில் வெளியேறும். இதற்காக ஒரு குழாயை ஒரு நாள் முழுக்க வைத்திருக்கத் தேவையில்லை. அந்தக் குழாய் தன் பங்குக்குத் துளையில் ஒரு வலியையும் கொடுக்கிறது.

இரண்டாவதும் நிற்கவில்லை. ஆபரேஷன் முடிந்த மறுநாள் ஸ்கேன் பார்த்தால், குழாய் வைத்தவர், வைக்காதவர் இருவரிடமும் பித்தப்பை இருந்த இடத்தில் கொஞ்சம் நீர் தெரிவது சாதாரணம். கழுவிவிட்ட சலைன், சவ்வில் ஊறிய நீர், துளி ரத்தம். பெரிட்டோனியம் அதை உறிஞ்சிக்கொள்ளும். நோயாளிக்கு அது இருப்பதே தெரியாது.

மூன்றாவதுதான் விஷயம். இது கேட்பதற்கு மறுக்க முடியாத வாதம்: வாசலில் ஒரு காவல்காரன் இருந்தால் நல்லதுதானே? சிக்கல், இந்தக் காவலாளி தூங்கிவிடுவதில்தான். குடல்போர்வைக் கொழுப்பு வந்து துளைகளை அடைத்துக்கொள்கிறது. ரத்தம் உறைந்துவிட்டால் 14 பிரெஞ்ச் குழாயில் இறங்காது. ஆபரேஷன் முடிந்த இரவில் நாடி 120-ஐத் தொடுகிறது, சிறுநீர் குறைகிறது, நோயாளி வெளிறுகிறார்; பையில் 30 மில்லிதான். “டிரெய்ன் டிரையாத்தானே இருக்கு” என்று ட்யூட்டி மருத்துவர் போனில் சொல்ல, மறுமுனை நிம்மதியாகிவிடும். பயிற்சி மருத்துவர்களுக்கு மூத்தவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது, பையைப் பார்க்கும் முன் நோயாளியைப் பார் என்பதுதான். பித்தநீர்க் கசிவின் குணம் வேறு. சிறிய கசிவுகள் பலவும் முதல் நாளில் காட்டிக்கொள்வதில்லை. பொதுப் பித்தநாளத்தில் ஒரு கல் தங்கி, அழுத்தம் ஏறி, கிளிப் போட்ட அடி சில நாள் கழித்துத் திறக்கலாம். கல்லீரல் படுகையில் ஓடும் மெல்லிய நாளம் ஒன்று அறுபட்டிருக்கலாம். 19-ஆம் நூற்றாண்டு உடற்கூறு அறிஞர் லுஷ்காவின் பெயரால் சொல்லப்படும் அந்த நாளம் ஆபரேஷனில் கண்ணில் படாமலே போகும். அதற்குள் குழாயை உருவி, நோயாளியை வீட்டுக்கு அனுப்பியாகிவிட்டிருக்கும்.

கணக்காகப் பார்த்தால்? திறந்த பித்தப்பை அறுவையைப் பற்றி வெளிவந்த சோதனைகளை 2007-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்புக்காக ஒரு குழு தொகுத்தது: 28 சோதனைகள், 3,659 நோயாளிகள். குழாய் வைத்தவர்களுக்குப் புண் சீழ்ப்பிடிப்பும் நெஞ்சுத் தொற்றும் அதிகமாக இருந்தன. அந்தப் பணியில் முன்னின்றவர் லண்டனில் அறுவைத் துறை ஆய்வாளரான குறிஞ்சி செல்வன் குருசாமி; பெயரைக் கேட்டதும் இந்த அரங்கில் சிலர் நிமிர்ந்து உட்காரலாம். லேப்ராஸ்கோப்பிக்கான தொகுப்பை அவர் குழு 2013-ல் புதுப்பித்தது. 12 சோதனைகள், 1,831 நோயாளிகள், பாதிப் பேருக்குக் குழாய், பாதிப் பேருக்கு இல்லை. இறப்பைப் பதிவுசெய்த சோதனைகளில், குழாய் வைத்த 840 பேரில் ஒருவரும் வைக்காத 841 பேரில் இருவரும் இறந்திருந்தனர். இவ்வளவு சிறிய எண்ணில் அது வித்தியாசமே இல்லை. கடுமையான பாதிப்பு, குழாய் வைத்த 567 பேரில் ஏழு பேருக்கு, வைக்காத 576 பேரில் மூன்று பேருக்கு. இதுவும் தற்செயல் எல்லைக்குள்தான். ஆபரேஷன் நேரம் குழாயால் சராசரி ஐந்து நிமிடம் கூடியது. கிரீஸின் லாரிசா நகரில் 284 பேரை வைத்து நடத்தி 2009-ல் வெளியிட்ட சோதனையில் குழாய் வைத்தவர்களுக்கு வலிதான் அதிகம்.

இந்த எண்களைக் குழாய் ஆபத்தானது என்று படிப்பதும் தவறு. இந்த எண்கள் அதைச் சொல்லவில்லை. சிக்கலில்லாத ஆபரேஷனில் பித்தநீர்க் கசிவு 100-ல் ஒருவருக்கு என்ற அளவை ஒட்டித்தான் நிகழ்கிறது. அந்த ஒருவருக்காக மீதிப் பேர் எல்லோரும் குழாயோடு படுக்கிறார்கள். அந்த ஒருவருக்கும் அது பலன் தரும் என்பது நிச்சயமில்லை. அவர்கள் படும் பாடு பெரிய துன்பமும் இல்லை. வலது பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாது. பாத்ரூம் போகும்போது பையைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். இருமப் பயம். உருவும்போது உள்ளிருந்து எதையோ இழுக்கிற மாதிரி ஒரு நொடி. அன்று மாலையே வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவர் ஒரு ராத்திரி கூடுதலாகத் தங்குகிறார். அறை வாடகை ஒரு நாள் ஏறுகிறது. 10 மில்லிமீட்டர் துளை வழியாகக் குழாய் வைத்த இடங்களில், உருவிய பிறகு குடல்போர்வையோ குடலோ பிதுங்கி வந்ததும் பதிவாகியிருக்கிறது, அது அபூர்வம்.

ஆதாரம் தெரிந்த மருத்துவரும் ஏன் வைக்கிறார்? தனியே கேட்டால் பலர் சொல்வது ஒரே பதில்: ராத்திரி தூக்கம் வரும். இதைக் கேலியாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. ஒரே ஒரு அறுவை மருத்துவர், இரவில் ஸ்கேன் எடுக்க ஆளில்லாத தாலுகா ஊர், காலையில் 50 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கிராமத்துக்குப் போக வேண்டிய நோயாளி என்றால் அந்த மனநிலை புரிகிறது. 1995-ல் உச்ச நீதிமன்றம் சாந்தா வழக்கில், கட்டணம் வாங்கும் மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று தீர்ப்பளித்த பிறகு இன்னொரு கணக்கும் சேர்ந்துகொண்டது. பின்னால் ஏதாவது ஆனால், டிரெய்ன் வைத்திருந்தேன் என்று கேஸ் ஷீட்டில் இருப்பது ஒரு கேடயம். கசிவு நடந்து குழாய் இல்லையென்றால், ஏன் வைக்கவில்லை என்று கேட்பார்கள். கசிவே இல்லாத நூறு பேருக்கு ஏன் வைத்தீர்கள் என்று எந்த மன்றமும் கேட்பதில்லை.

ஆனாலும் இந்த வாதத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. குழாய் வைக்காததால் இன்று யாரும் மறுபடி வயிறு கிழிக்கப்படும் நிலைக்கு நேராகப் போவதில்லை. நீர் தேங்கியிருந்தால் ஸ்கேன் பார்த்துக்கொண்டே தோல் வழியாக ஊசியால் குத்தி, பன்றிவால் போல் சுருளும் மெல்லிய குழாயை உள்ளே விட்டு வடிக்க முடிகிறது. பித்தநாளத்தில் கசிவு என்றால் வாய்வழியே எண்டோஸ்கோப்பை முன்சிறுகுடல் வரை செலுத்தி, நாளத்தின் வாயைச் சற்று விரித்து ஸ்டென்ட் வைத்தால் பித்தநீர் தடையில்லாத வழியில் குடலுக்குப் போய்விடும். கசிவு தானே அடைபடும். முன்கூட்டியே ஒரு குழாயை நட்டுவைக்கும் வழக்கம், இந்த வசதிகள் எதுவும் இல்லாத காலத்தில் பிறந்தது.

இனி குழாய் உண்மையிலேயே வேலை செய்யும் இடத்துக்கு வரலாம். பித்தப்பை நாளமும் பொதுக் கல்லீரல் நாளமும் கல்லீரலின் விளிம்பும் சேர்ந்து அமைக்கும் கலோ முக்கோணம், பல நாள் அழற்சியில் சிமெண்ட் போட்டு அடைத்த மாதிரி உறைந்து கிடக்கும் நோயாளிகள் உண்டு. நீரிழிவு, வயது, வலியை மாத்திரையில் தள்ளிப்போட்ட மாதங்கள் என எல்லாம் சேர்ந்திருக்கும். அங்கே முழுப் பையையும் எடுக்கப் பிடிவாதம் பிடித்தால் பொதுப் பித்தநாளமே அறுபடலாம். அது நோயாளியின் வாழ்க்கையையே மாற்றிவிடும் காயம். அப்போது நிதானமுள்ள மருத்துவர் பையைத் திறந்து கற்களை அள்ளிவிட்டு, கழுத்துப் பகுதியை அப்படியே விட்டு, மீதியை மட்டும் வெட்டி எடுப்பார். விட்ட அடிப்பகுதியிலிருந்து பித்தநீர் கசியும் என்று தெரிந்தே விடுகிறார். அங்கே குழாய் கட்டாயம். மறுநாள் பையில் பொன்னிறமும் பச்சையும் கலந்த நீர் இறங்கும்போது யாரும் பதறத் தேவையில்லை. அது திட்டமிட்ட வடிகால். வயிற்றுக்குள் பரவ வேண்டியது பைக்குள் வருகிறது. நோயாளி சாப்பிடுகிறார், நடக்கிறார், பையோடு வீட்டுக்குப் போகிறார். தேவைப்பட்டால் ஸ்டென்ட். சில வாரத்தில் குழாய் காய்ந்ததும் உருவப்படுகிறது.

கல்லீரல் இறுகியவரிடம் படுகை முழுக்க ரத்தம் கசிந்தாலும், பை அழுகிச் சீழ் கொட்டினாலும், கிளிப் சரியாகப் பிடிக்கவில்லை என்று தோன்றினாலும் குழாய் வைப்பதில் தகராறு இல்லை. இங்கெல்லாம் குழாய்க்கு ஒரு காரணம் இருக்கிறது. அதை ஆபரேஷன் குறிப்பில் ஒரு வரியில் எழுத முடியும். எழுத ஒரு வரி கிடைக்கவில்லை என்றால் குழாய்க்கும் வேலை இல்லை என்று மாணவர்கள் சோதித்துக்கொள்ளலாம்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு பகுதி இன்னும் தெளிவாகவில்லை. பை சிவந்து வீங்கி, ஆனால் முழுதாக எடுக்க முடிந்த தீவிர அழற்சி. இந்த வகை நோயாளிகளை மட்டும் வைத்து நடத்திய சோதனைகள் சிறியவை. அவற்றிலும் குழாயால் பலன் தெரியவில்லை. ஆனால் அந்த எண்ணிக்கையை வைத்துக் கறாராகச் சட்டம் போட முடியாது. உலர்ந்த படுகை, நம்பிக்கையான கிளிப் என்றால் வைக்காமல் விடுபவர்கள் கூடிவருகிறார்கள்.

குழாய் வைத்துவிட்டால் எப்போது எடுப்பது என்பதிலும் ஒரு பழக்கம் ஒளிந்திருக்கிறது. பையில் நீர் சுத்தமாக நிற்கும் வரை வைத்திருப்பவர்கள் உண்டு. குழாய் இருக்கும்வரை, அது உறுத்துவதாலேயே கொஞ்சம் நீர் ஊறிக்கொண்டுதான் இருக்கும். பித்தநீரோ புது ரத்தமோ இல்லை, நோயாளி நடமாடுகிறார் என்றால் 24 மணி நேரத்தில் உருவிவிடலாம்.

குழாய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் டிஸ்சார்ஜ் சீட்டில் தாய்மொழியில் எழுத வேண்டியவை சில. இந்த ஆபரேஷனுக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிட நன்றாக இருக்க வேண்டும். இரண்டாம் நாளுக்கு மேல் வயிற்றுவலி கூடினாலும், வயிறு உப்பினாலும், வாந்தி நிற்காவிட்டாலும், ஜுரமோ குளிரோ வந்தாலும், கண் மஞ்சளித்தாலும் ரிவ்யூ தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே திரும்பி வர வேண்டும். ராத்திரி எடுக்கும் ஒரு போன் நம்பரும் அந்தச் சீட்டில் இருக்க வேண்டும். வந்தவருக்கு மாத்திரை கொடுத்து அனுப்பாமல், அன்றைக்கே ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் செய்ய வேண்டும்.